கியாஸ்லைட்டு தெரசா

"எந்திரி... எந்திரி ராசா... என்னா ஒறக்கம்?"

முழங்காலைத் தரையில் ஊன்றி, விளக்கை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் பம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள் தெரசா. உள்ளே சீமெண்ணெய் சீறுகிறது. நீலமாக ஒரு சுவாலை எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்கிறது. அவள் விடுவதில்லை. தோள் ஏறி இறங்குகிறது. 'புஸ்' என்று மேண்டில் வலை பற்றிக்கொண்டு சந்து முழுவதும் வெள்ளையாகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகத்தில் முதல் விளக்கு அன்றைக்குத்தான் எரிகிறது என்று தோன்றும். ஐம்பது வயது தாண்டியாயிற்று. இன்னும் தினமும் அப்படித்தான்.

"எந்திரிச்சிட்டான் பாத்தியா!" என்பாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்வாள்.

காளவாசல் போகிற சாலையில், மாதா கோவிலுக்கு எதிர்ச்சந்தில் அவள் கடை. கல்யாணம், சடங்கு, கரகாட்டம், அம்மன் புறப்பாடு, சாவு எல்லாவற்றுக்கும் அங்கேதான் கியாஸ்லைட்டு வாடகைக்கு எடுப்பார்கள். விளக்குகள் பன்னிரண்டு. அப்போஸ்தலர்களின் பெயர்களை வைத்திருக்கிறாள். இராயப்பன் இருமி இருமி அணைவான். "மூணு தடவ மறுதலிச்சிட்டுத்தான் எரிவான், கோவிச்சுக்கிராதீக" என்று கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். தோமைக்கு ஓட்டையில் ஊசி விட்டுக் குத்தினால்தான் உயிர் வரும். "தொட்டுப் பாக்காம நம்ப மாட்டான், அது அவன் வழக்கம்." அருளப்பன்தான் செல்லப்பிள்ளை, ஒரே பம்பில் பிடித்துக்கொள்வான்.

"யூதாசு எங்கத்தா?" என்று கேலி செய்கிறவர்களுக்கும் பதில் தயாராக இருக்கிறது.

"அவனைத் திருமங்கலத்துக்காரர் ஒருத்தருக்கு முப்பது ரூவாய்க்கு வித்தாச்சு. அவன் எடத்துக்குத்தான் புதுசா ஒருத்தன் வந்துருக்கானே."

மெதுவாகப் பேசத் தெரியாது அவளுக்கு. சீறுகிற விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்து பழகிய தொண்டை. சாமியாரிடம் பாவம் சொல்லப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் அவள் முழங்காலிட்டால் அடுத்த வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உடம்பில் எப்போதும் எண்ணெய் வாடை. சோழவந்தான் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் விறுவிறுவென்று நடப்பாள். மேளக்காரர்கள் பின்தங்கிவிடுவார்கள். செபமாலை உருட்டும்போதுகூட ஒவ்வொரு மணியிலும் கட்டைவிரல் அழுந்தி அழுந்தித்தான் போகும், பம்பு அடிக்கிற மாதிரி.

தொழில் அவள் கணவன் சவரியப்பனுடையது. சப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருஷம், தை மாதம், விஷக்காய்ச்சலில் அவர் போனார். கோவில் முற்றத்துக்குத் தெற்கே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் தெரசா கடையைத் திறந்து, துடைப்பதற்கு விளக்குகளை வரிசையாக வாசலில் வைத்தாள். கொழுந்தன் வந்து, "பொம்பள கியாஸ்லைட்டுத் தூக்குனா ஊரு சிரிக்கும் மதினி" என்றார்.

"சிரிக்கட்டும். அவுக பல்லு தெரியிறதுக்கு வெளிச்சம் நாந்தானே குடுக்குறேன்?" என்றாள்.

அழாதவள் இல்லை. அழுதாள். பம்பு அடித்துக்கொண்டே அழுதாள். விளக்கு பிடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிச்சிட்டான்" என்பாள்.

அவள் மகன் மரியராஜ் வேறு மாதிரி. தொழிற்பள்ளியில் படித்தவன், மின்சாரக் கம்பெனியில் லைன் மேஸ்திரி. எண்ணித்தான் பேசுவான். அப்பா போன பிறகு அந்தப் பேச்சும் நின்றது. அடக்கத்தன்று குழியில் ஒரு பிடி மண் போட்டவன் பிறகு கல்லறைத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. அவ்வழியாகப் போக வேண்டிய வேலைக்கும் சுற்றிக்கொண்டு போவான். சவரியப்பனின் ஸ்பானரும் குறடும் கிடந்த பெட்டியை அவன் திறக்கவே இல்லை. தெரசாவும் திறக்கச் சொல்லவில்லை.

அந்த வருஷம், பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் உபதேசியார் கடைக்கு வந்தார். கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறவர். பாஸ்குத் திருநாள் ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. முகம் தொங்கியிருந்தது.

ஊருக்கு விளக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. விடிவதற்கு முன் வெளியில் பெரிய வெளிச்சம் கூடாது. ஆகாய விமானம் வந்தால் அடையாளம் தெரிந்துவிடுமாம். வேட்டும் கூடாது.

தெரசா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். அந்தச் சேதி அவளுக்கு எவ்வளவு பெரிது என்று உபதேசியாருக்குத் தெரியும். பாஸ்கு ஞாயிறு விடியற்காலையில், கோவில் முற்றத்தில், மூங்கிலும் சாக்கும் கொண்டு கட்டிய கல்லறைக்குள்ளிருந்து உயிர்த்த ஆண்டவர் எழுவார். அவருடைய சிலை, சுரூபம் என்பார்கள், பலகையில் நிற்கும். பின்னாலிருந்து கயிறு இழுப்பார்கள். அந்த நிமிஷம்தான் சவரியப்பனின் நிமிஷம். பன்னிரண்டு விளக்கையும் முன்கூட்டியே ஏற்றி ஈரச்சாக்கால் மூடி வைத்திருப்பார். ஆண்டவர் தலை மேலே தெரிந்ததும் அத்தனை சாக்கையும் ஒரே இழுப்பில் உருவுவார். சனங்கள் 'ஆ' என்று பின்வாங்குவார்கள். ஒவ்வொரு வருஷமும் பார்த்தவர்கள்தான். ஒவ்வொரு வருஷமும் பின்வாங்குவார்கள். அதற்கு அவர் வாடகை வாங்கியதில்லை.

"இந்த வருசம் சும்மா எழுப்பிருவோம் தெரசா. என்ன இப்ப? ஆண்டவர் நெசமா உயிர்த்தப்ப இருட்டுதானே. யாரு வெளக்கு பிடிச்சா?"

"அவருக்கு வேண்டாமய்யா. அவரு இருட்டுலயும் எந்திரிப்பாரு. நமக்கு வேணும்." தெரசா சந்துப் பக்கம் கைகாட்டினாள். "இந்த வருசம் எந்த வீட்டுல அழுக இல்ல, சொல்லுங்க. ரங்கூனுக்குப் போனவன் காயிதமே இல்ல. பட்டாளத்துக்குப் போனவன் இருக்கானா இல்லியான்னு தெரியல. அரிசி இல்ல, எண்ண இல்ல. எங்க வீட்ட விடுங்க. இம்புட்டுச் சனமும் நாப்பது நாளா செலுவையில தொங்குற மொகத்தயே பாத்துருக்கு. செயிச்ச மொகத்த ஒருவாட்டி நல்லாப் பாக்கணும்ல?"

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? வெளக்கு ஏத்துனா என்னயப் பிடிச்சு உள்ள வச்சிருவான்."

தெரசா கண்ணாடியை மறுபடி எடுத்துத் துடைத்தாள். உபதேசியார் எழுந்து போனார். அன்றைக்கு அவள் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. சந்துக்காரர்கள் காய்ச்சலோ என்று விசாரித்தார்கள்.

உபதேசியார் கேட்டதற்குப் பதில் காபி கிளப்பில் இருந்தது. கோவில் முற்றத்துக்கு வடமேற்கு மூலையில், கிழக்கே பார்த்த மாடிக் கட்டடம்; உக்கிரபாண்டி நடத்துகிறார். உள்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி. இட்லி தின்கிறவர்கள் மீசையைப் பார்த்துக்கொள்வதற்காக மாட்டியது. ஒருநாள் காலை, இரவல் கொடுத்த விளக்கை வாங்கிக்கொண்டு அவள் படி இறங்கியபோது, இன்னும் நிழலில் கிடந்த கோவில் முகப்பில், பாயளவு வெள்ளை வெளிச்சம் ஒன்று நின்று நடுங்கியது. தெரசா நடுச்சாலையில் நின்றாள். வெளிச்சத்தைப் பார்த்தாள். கிழக்கே பார்த்தாள். காபி கிளப்புக்குள் பார்த்தாள்.

"ஏத்தா! வண்டில விழுந்து சாகவா நிக்கிற?" ஜட்காக்காரன் குதிரையை இழுத்துப் பிடித்தான்.

"சூரியன யாரும் அணைக்கச் சொல்லலியே!" என்று அவனிடமே கத்தினாள். "சொன்னாகளா? சொல்லலேல்ல?"

அவன் குதிரையைத் தட்டிக்கொண்டு விலகிப் போனான்.

அடுத்த அரைமணிக்குள் கோவில் சாமியாரிடம் போய், ஆண்டவரை எழுப்புவதைப் பொழுது புறப்படும் நேரத்துக்குத் தள்ளி வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். சாமியார் சிரித்தாராம். பிறகு உக்கிரபாண்டியிடம் வந்தாள்.

"அண்ணே, ஒங்க கண்ணாடிய ஒரு நாளைக்கு எறக்கி மாடில வைக்கணும்."

"ஏன் தங்கச்சி, ஒங்க சாமி எந்திரிச்சதும் தல சீவிக்கிறுவாரோ?"

"வெளிச்சம் அடிக்கண்ணே."

"என் கடப் பேரு கண்ணாடில எழுதிருக்கு. ஒங்க சாமி நெஞ்சுல 'உக்கிரபாண்டி காபி கிளப்'புன்னு விழுந்துச்சுன்னா நான் ஒப்புக்கிறேன். நல்ல விளம்பரம்."

"விழுகட்டும். சாமிக்கும் பசிக்கும்ல."

உக்கிரபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடி கிடைத்துவிட்டது.

மகனிடம்தான் கதை நடக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவன் தட்டில் கிடந்த சோற்றையே பார்த்தான்.

"வெளிச்சத்த வச்சு என்னம்மா ஆகப் போகுது?"

தெரசா அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். "ஆண்டவரு எந்திரிச்சாரா இல்லியா?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"எந்திரிச்சாருடா. அவரு எந்திரிச்சா ஒங்கப்பாவும் எந்திரிப்பாரு. என் நெஞ்சுல அது ஒண்ணுதான் இப்ப எரியுது. நீ அழுகுறதுன்னா அழுதுக்க, வேண்டாங்கல. ஆனா இருட்டுலயே உக்காந்துக்கிட்டு விடியாதுன்னு சொல்லாத."

அவன் கை கழுவ எழுந்தான். அவள் விடவில்லை, தன் ஏற்பாட்டைச் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணாடியை மாடியில் நாற்காலி மேல் சாய்த்து வைத்து, சூரியனைப் பார்த்துத் திருப்பி, உக்கிரபாண்டி பிடித்துக்கொள்ள வேண்டியது.

"அப்படி வச்சா வெளிச்சம் விழாது" என்றான் மரியராஜ்.

"ஏன் விழாது?"

"சூரியனைப் பாத்துத் திருப்புனா சூரியனுக்குத்தான் திரும்பிப் போகும். சூரியனுக்கும் ஆண்டவருக்கும் நடுவாப்புல திருப்பணும். கையில பிடிச்சா நடுங்கும். சட்டம் அடிக்கணும். அச்சு வேணும்."

சொல்லிவிட்டு நின்றான். பிறகு கொல்லைக்குப் போனான். பெட்டி திறக்கும் சத்தமும், இரும்பை இரும்பில் போடும் சத்தமும் கேட்டன. தெரசா சத்தம் காட்டாமல் தட்டைக் கழுவினாள். சத்தம் காட்டாமல் அவள் செய்த வேலை அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

பாஸ்குவுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, பொழுது புறப்படும் நேரத்தில் ஒத்திகை. கோவிலின் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ஆகவே காலையில் முற்றம் முழுக்கக் கோவில் நிழல். காபி கிளப் மாடிக்கு மட்டும் வெயில் வந்துவிடும். மரியராஜ் அங்கே மரச்சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, மேலும் கீழும் சாய்க்கவும் பக்கவாட்டில் திருப்பவும் இரும்பு அச்சு வைத்திருந்தான். "கடைப் பேரு விழுகுமா மாப்ள?" என்று உக்கிரபாண்டி கேட்டார். "இம்புட்டுத் தூரத்துக்கு எழுத்து நிக்காது" என்றான். அவருக்கு வருத்தம்தான்.

கீழே ஒரு சிக்கல். தவசு காலக் கடைசியில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி விடுவார்கள். உயிர்த்த ஆண்டவரின் துணியைப் பாஸ்கு விடியுமுன் யாரும் தொடுவதில்லை. அவ்வளவு வருஷமாக யாரும் தொட்டதில்லை. மூடிய சுரூபம் கல்லறைக்குள் பலகையில் பதுங்கியிருந்தது. அளவுக்குப் பலகையை ஏற்றிப் பார்க்கவும் உபதேசியார் சம்மதிக்கவில்லை.

"துணியோட உசரம் எடுத்துக்கிறேன்" என்று மரியராஜ் மேலிருந்து குரல் கொடுத்தான்.

"தொடாதடா! நாளைக்குத்தான்!" என்றாள் தெரசா. "நான் நிக்கிறேன். என் மொகத்துக்கு அடி. ஆண்டவர் இம்புட்டு உசரம் வருவாரு, இல்லீங்களா?"

உபதேசியார் கழுத்தைச் சாய்த்து அளந்து, "வருவாரு" என்றார். தெரசா சீமெண்ணெய் டின் மேல் ஏறி நின்றாள். வெளிச்சம் சுவரில் அலைந்தது, சாக்கில் இறங்கியது, திடீரென்று அவள் முகத்தில் வந்து நின்றது.

"ஐயோ! ஒண்ணும் தெரியலடா! ஒண்ணுமே தெரியல! அம்புட்டும் வெள்ளையா இருக்கு!" டின் மேல் நின்று சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. கையால் மறைத்துக்கொள்ளவில்லை. மரியராஜ் அச்சில் ஆணி இறுக்கி அந்த இடத்தைக் குறித்துக்கொண்டான்.

ஞாயிறு விடியுமுன்பே முற்றம் நிறைந்துவிட்டது. விளக்கு இல்லை. இருட்டு வெளுத்து, முகங்கள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ரங்கூனில் மகனைத் தொலைத்த ஆனிமேரி கிழவி முன்வரிசையில், தரையில் உட்கார்ந்திருந்தாள். தெரசா நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. கல்லறைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். பொழுது புறப்படும் கணக்குப் பார்த்துச் சாமியார் கை காட்டினார். மணி அடித்தது. கயிறு இழுத்தார்கள். கல்லறைக்குள் துணி விழுந்த சத்தம் கேட்டது. ஆண்டவர் எழுந்தார்.

வெளிச்சம் வரவில்லை.

கிழக்கே கோவில் முகட்டுக்கு அப்பால் ஒரு மேகத்திட்டு. காபி கிளப் மாடியில் கண்ணாடி, அலுமினியத் தகடு மாதிரி செத்து நின்றது. சுரூபம் சாம்பல் நிறத்தில் மேலே நின்றது. முகம் இருந்த இடம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ, "அம்புட்டுத்தானா?" என்றார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவன் வீட்டுக்குத் திரும்பினான்.

"இருங்க! போகாதீக!" தெரசா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். கியாஸ்லைட்டுத் தொண்டை, முற்றம் தாண்டிக் கேட்டது. "அவரு எந்திரிச்சிட்டாரு! வெளிச்சந்தான் இன்னும் வரல! செத்த பொறுங்க!"

சிலர் சிரித்தார்கள். ஆனால் நின்றார்கள். குழந்தைக்காரனும் நின்றான். தெரசா திரும்பி மேகத்தைப் பார்த்தாள். "எந்திரி" என்றாள் வாய்க்குள். "எந்திரி ராசா."

மேகத்தின் ஓரம் பொன்னாயிற்று. மாடிக் கண்ணாடி பற்றிக்கொண்டது. அப்படித்தான் இருந்தது, மேண்டில் பிடிக்கிற மாதிரி. வெள்ளை வெளிச்சம் நேர்கோடாக முற்றத்தைக் கடந்து வந்து விழுந்தது.

விழுந்தது சுரூபத்தின் பீடத்தில். ஆண்டவரின் பாதத்துக்குக் கீழே.

ஊதாத் துணிக்குள் அவ்வளவு உயரப் பீடம் இருந்தது யாருக்கும் நினைவில் இல்லை. சவரியப்பனுக்குத் தெரிந்திருக்கும். தெரசாவின் முகத்துக்கு வைத்த குறி ஆண்டவரின் காலடிக்குக்கூடப் போதவில்லை. மேகம் கலையக் காத்த நேரத்தில் சூரியன் ஏற, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டிருந்தது. உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேல!" என்று கத்தினாள் தெரசா. "மேலடா மரியராசு! இன்னும் மேல!"

மாடியில் மரியராஜ் குனிந்து ஆணியைத் தளர்த்துவது தெரிந்தது. வெளிச்சம் நடுங்கி, ஏறத் தொடங்கியது. ஆணித்துளை போட்ட பாதங்கள் வெள்ளையாயின. முன்வரிசையில் ஆனிமேரி கிழவி முதலில் சொன்னாள்: "மேல." பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு முற்றமே மாடியைப் பார்த்துக் கத்தியது: "மேல! மேல!" முழங்கால் எரிந்தது. விலாக்காயம் எரிந்தது. விரித்த கைகளின் காயங்கள் ஒன்றாக எரிந்தன. தெரசா குதித்துக்கொண்டிருந்தாள், தலைமுடி அவிழ்ந்ததும் தெரியவில்லை. "இன்னும்டா! இன்னும் ஒரு முழம்!"

முகம் வந்தது.

சத்தம் நின்றது. அந்த முகத்தை அவர்கள் பன்னிரண்டு விளக்கில் பார்த்திருக்கிறார்கள், இப்படிப் பார்த்ததில்லை. பொன்பூச்சு முழுவதும் விழித்துக்கொண்டது. ஆனிமேரி கிழவி தரையில் கையூன்றி எழுந்து நின்றாள். உபதேசியார் 'அல்லேலூயா' எடுக்க வேண்டிய இடம். அவர் ஆண்டவரைப் பார்த்தபடி மறந்து நின்றார். தெரசாதான் எடுத்தாள், தப்பான சுருதியில், உச்சத்தில். அவள் எடுத்த இடத்திலிருந்தே ஊரும் பாடியது.

"என் கண்ணாடி! என் கண்ணாடிடா அது!" என்று மாடியிலிருந்து உக்கிரபாண்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு மூன்றாம் முறை சுற்றும்போது வெளிச்சம் ஆண்டவரின் முகத்தை விட்டு நகர்ந்தது. கண்ணாடியை இறக்குகிறான் என்று நினைத்தார்கள். இறக்கவில்லை. வெளிச்சம் சனங்களின் தலைக்கு மேலே மெதுவாகப் போயிற்று. தெற்குச் சுவரில் ஏறியது. அந்தப் பக்கம் இறங்கியது. கல்லறைத் தோட்டம் இன்னும் கோவில் நிழலில் கிடந்தது. வெளிச்சம் சிலுவை சிலுவையாகத் தடவிக்கொண்டே போய், புல் முளைக்காத ஒரு மண்மேட்டில் வந்து நின்றது. அசையவில்லை. மாடியில் சட்டத்தைப் பிடித்திருந்தவனும் அசையவில்லை.

தெரசா பாட்டை விட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, தோட்டத்துக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். மேட்டுக்குப் பக்கத்தில் முழங்காலைத் தரையில் ஊன்றினாள். இடது கை, நட்டிருந்த மரச்சிலுவையை அணைத்துப் பிடித்தது. வலது கைக் கட்டைவிரல், அந்த வெளிச்சத்துக்குள், காற்றில் அழுந்தி எழுந்தது, அழுந்தி எழுந்தது.